பழைய கேம் ஓடவில்லையா? சப்போர்ட்டுக்கு எழுதும் முன் சில கேள்விகள்

கேள்வி: பழைய கேம் ஒன்று திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. கேம் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு என்ன எழுதுவது?

பதில்: "ஓடவில்லை" என்று ஒரே வரியில் அனுப்பாதீர்கள். அவர்கள் திருப்பி நாலு கேள்வி கேட்பார்கள், நாட்கள்தான் வீணாகும். எந்த இடத்தில் நிற்கிறது? ஐகானை அழுத்தியதுமா, லோகோ வந்த பிறகா, சேவ் செய்த ஆட்டத்தைத் திறக்கும்போதா? பிழைச் செய்தி வந்தால் எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். அப்புறம், இதே கணினியில் முன்பு ஓடியதா, ஓடியிருந்தால் அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். புது டிரைவரா (கணினியின் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), விண்டோஸ் அப்டேட்டா? முக்கியமான வரி அதுதான்.

கேள்வி: "சிஸ்டம் விவரம் அனுப்பு" என்கிறார்கள். எங்கே எடுப்பது?

பதில்: விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று ஆங்கிலத்தில் தட்டி, என்டர் அழுத்துங்கள். கீழே ஓடும் பச்சைப் பட்டை முடிந்ததும் "சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்" பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாக வந்துவிடும். அதில் உங்கள் கணினியின் பெயரும் இருக்கும், பொதுவெளியில் போடாதீர்கள். கேம் திடீரென்று மூடினால் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியையும் பாருங்கள். எந்த ஃபைலில் தவறு நடந்தது என்று அங்கே பெயரோடு பதிவாகியிருக்கும்.

கேள்வி: ஒரிஜினல் சிடிதான். விண்டோஸ் 10-இல் போட்டால் அசையவே இல்லை.

பதில்: அந்த சிடியில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட் விண்டோஸ் விஸ்டா, 7, 8 எல்லாவற்றிலும் அதை அணைத்துவிட்டது. உங்கள் சிடியிலும் கணினியிலும் பழுது இல்லை. அதனால் சப்போர்ட்டிடம் "சரிசெய்து கொடுங்கள்" என்பதைவிட, "சிடி செருகியிருக்கிறதா என்ற சோதனையை நீக்கிய அதிகாரப்பூர்வ பேட்ச் (திருத்த ஃபைல்) உண்டா, டிஜிட்டல் பதிப்பு உண்டா" என்று கேளுங்கள். எங்கிருந்தோ கிடைக்கும் கிராக் ஃபைலை (நகல் தடுப்பை உடைக்க யாரோ மாற்றிய ஃபைல்) போடாதீர்கள், வைரஸ் வரும் வழி அது.

கேள்வி: இன்ஸ்டாலரே திறக்கவில்லை.

பதில்: மிகப் பழைய கேம் என்றால் பழைய விண்டோஸ் காலத்து 16 பிட் இன்ஸ்டாலராக இருக்கலாம். 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம் என்றால், டாஸைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும், சப்போர்ட் வரை போகவே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் ஆட சர்வர் கிடைக்கவில்லை.

பதில்: ஆன்லைனில் ஆடுபவர்களை இணைத்த கேம்ஸ்பை என்ற சேவையை நம்பியிருந்த கேமா? அது 2014 மே 31-இல் மூடப்பட்டது. மாற்று சர்வருக்கு மாறினார்களா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: "அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்" என்பார்களா?

பதில்: பெரும்பாலும் சொல்வார்கள். அதற்கு முன் சேவ் ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். டாக்குமென்ட்ஸிலோ கேம் ஃபோல்டரிலோ இல்லையென்றால், ஆப்டேட்டா (AppData) என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் லோக்கலில் வர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். விஸ்டா முதல் பழைய கேம்களின் சேவ் பல நேரம் சத்தமில்லாமல் அங்கேதான் போய் உட்காரும். பல வருட ஆட்டம் அது, இழந்தால் யாராலும் திருப்பித் தர முடியாது.