அடியில் கசண்டு படிந்த ஒயின் கெட்டுப்போய்விட்டதா?

கேள்வி: ஸ்பெயினில் வேலை பார்க்கும் என் மகன், மூன்று ஆண்டுகளில் வரவிருக்கும் எங்கள் முப்பதாம் திருமண நாளுக்கென்று 'வீன்யா தோந்தோனியா ரெசெர்வா' என்ற சிவப்பு ஒயினைத் தந்துவிட்டுப் போனான். சமையலறை அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது அடியில் கறுப்பாகக் கசண்டு தெரிகிறது. கொட்டிவிடலாம் என்கிறார் என் கணவர்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி, தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். திராட்சைத் தோலின் நிறமும் துவர்ப்பும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்துக் கீழிறங்கிய படிவுதான் அது. வயதான சிவப்பு ஒயினுக்கு அது இயல்பு, உடலுக்கும் கேடில்லை.

வட ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில், ஆரோ என்னும் ஊரில், லோபேஸ் தெ எரேதியா குடும்பம் 1877 முதல் ஒயின் செய்துவருகிறது. எப்ரோ ஆற்றின் வளைவில் சுமார் 100 ஹெக்டேரில் பரந்துள்ள தோந்தோனியா தோட்டம், இந்தக் குடும்பத்தின் ஒயின் நிறுவனத்தைத் தொடங்கியவர் 1913-14இல் நட்டது. தங்கள் பட்டறையிலேயே செய்துகொள்ளும் ஓக் பீப்பாய்களில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வைத்து, அவ்வப்போது கசண்டு நீக்கிப் பீப்பாய் மாற்றி, முட்டையின் வெள்ளைக்கருவால் தெளியவைத்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்து, பிறகும் பல ஆண்டுகள் நிலவறையில் கிடத்திய பின்னரே ரெசெர்வாவை விற்பனைக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவு பொறுமையாக ஒரு குடும்பம் வேலை செய்வதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் அலமாரியைப் பற்றித்தான். ஒயினுக்கு உகந்த வெப்பம் 12 முதல் 15 டிகிரி. ஏப்ரலில் பெங்களூரு வெயிலே 35 டிகிரியைத் தொடும்போது அடுப்படியைச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, நிமிர்த்தி வைத்த பாட்டிலில் தக்கை காய்ந்து காற்று புகும். இன்றே எடுத்து, வெளிச்சம் படாத குளிர்ந்த மூலையில் படுக்கவையுங்கள். மூன்று ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டாம். காக்க வேண்டிய காலத்தை அந்தக் குடும்பமே காத்து முடித்துவிட்டது. மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது திறந்துவிடுங்கள்.

முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் கசண்டு அடியில் சேரும். பழைய தக்கை நொறுங்கக்கூடும் என்பதால் மெதுவாக இழுங்கள். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, குலுக்காமல் ஒரே சாய்ப்பில் வேறு குடுவைக்கு ஊற்றி, கறுப்பு இழை கழுத்தருகே வந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறம் வெளிறிச் செங்கல் போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வயதின் நிறம். காடியின் புளிப்பு வாடையோ ஈர அட்டையின் பூஞ்சை வாடையோ அடித்தால் மட்டும் உங்கள் கணவர் சொன்னபடி செய்யுங்கள்.