பொறி வைக்கலாமா?

கேள்வி: தம்பி செய்யாத குற்றத்துக்கு விளக்கமறியலில் இருக்கிறான். வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணி ஓராள் மூலம் 2 இலட்சம் கேட்கிறார். காசைக் கொடுத்து ஃபோனில் வீடியோ எடுத்து மாட்டிவிடலாமா?
- வாசகி, கல்லடி

பதில்: வேண்டாம் அக்கா. வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளிதான். நீங்களாகப் பொறி வைத்தால் உங்கள் கால்தான் முதலில் மாட்டும். காசு கைமாறுவதற்கு முன்பே 1954க்கு அழையுங்கள், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் அது. கொழும்பில் இருந்தாலும் மட்டக்களப்புக்கும் வந்து சுற்றிவளைக்கிறவர்கள்தான். நோட்டு இலக்கங்களை எழுதிக்கொண்டு, உங்கள் மச்சான் என்றோ சித்தப்பா என்றோ சொல்லி அவர்களுடைய ஆளையும் கூட அனுப்பலாம், ஏனென்றால் காசு கேட்கும் பேச்சை இன்னொரு காதும் கேட்டால் வழக்கு பலமாக நிற்கும். "லாச்சிக்குள்ள வையுங்க" என்று காசு கேட்கிறவர் சொன்னால் அவசரப்படாமல், "இதோட தம்பி வந்திடுவானா?" என்று ஒருதரம் கேளுங்கள், காசு எதற்கென்று அவர் வாயாலேயே வரட்டும்.

ஊரில் மூச்சு விடாதீர்கள். பஸ் நிலையத்தில் சொன்னது நீங்கள் வீடு போக முன்பே கோர்ட்டுக்குப் போய்விடும்!

ஆனால் அவர் பிடிபட்டதும் தம்பி தானாக வெளியே வரமாட்டான், அது தனி வழக்கு. சுற்றிவளைப்பு முடிந்த கையோடு உங்கள் சட்டத்தரணி அதைக் காட்டிப் பிணை கேட்கட்டும், சட்டமா அதிபருக்கும் எழுதட்டும்.