127.1 என்பதும் முகவரிதான்: லிங்குகளில் வரும் ஐபி எண்களைப் பற்றிய கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கத்தில் நிரல் எழுதும் நண்பர்கள் சிலர், லிங்குகளுக்குள் வரும் முகவரிகளைப் பிரித்து ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதில் தங்களுக்குள்ள ஐயங்களை எழுதி அனுப்பியிருந்தார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, பயனர் ஒரு லிங்கைக் கொடுத்தால் எங்கள் சர்வர் அந்தப் பக்கத்தை எடுத்துவந்து முன்னோட்டம் காட்டுகிறது. அதில் சர்வரின் சொந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்று இருந்தால் மறுத்துவிடுகிறோம். இது போதாதா?

போதாது தம்பி. நீங்கள் எழுத்தைப் பார்க்கிறீர்கள், கணினியோ எண்ணைப் பார்க்கிறது. தின்னவேலி, நெல்லை, திருநெல்வேலி என்று எப்படி எழுதினாலும் 627001 என்ற பின்கோடு இருந்தால் கடிதம் ஜங்ஷன் பக்கம் வந்து சேர்ந்துவிடுவதைப் போல, ஐபி முகவரிக்கும், அதாவது வலையில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் முகவரிக்கும், உள்ளே இருப்பது 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) கொண்ட ஒற்றை எண்தான். நாம் புள்ளி வைத்து நான்கு துண்டாக எழுதுவது கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக மட்டுமே. 127ஐ 16777216 (256×256×256) ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2130706433 வரும். லிங்கில் சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இந்த எண்ணை மட்டும் போட்டாலும் பிரவுசர் அதை 127.0.0.1 என்றே எடுத்துக்கொள்ளும். 127.1 என்று எழுதினாலும் அப்படித்தான், ஏனென்றால் துண்டுகள் நான்குக்குக் குறைவாக இருந்தால் கடைசித் துண்டு மீதமுள்ள பிட்டுகள் அனைத்தையும் நிரப்பிக்கொள்ளும். இந்த விதிப்படி 192.168.257 என்பது 192.168.1.1 ஆகும், 257 என்பது ஒரு 256உம் ஒரு 1உம் என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு விளங்கும். இது பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். இன்றைய பிரவுசர்கள் பின்பற்றும் யூஆர்எல் தரநிலையும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே முதலில் முழு எண்ணாக மாற்றுங்கள், பிறகு அந்த எண் எந்த வரம்புக்குள் விழுகிறது என்று பாருங்கள். மறுக்க வேண்டியதும் ஒரு முகவரி அல்ல, சொந்தக் கணினிக்கும் உள்வலைக்கும் (நிறுவனத்துக்குள்ளேயே இயங்கும் வலை) உரியவை பல உண்டு: 127இல் தொடங்கும் அனைத்தும், 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168, 169.254, அவற்றோடு 0.0.0.0 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளவுட் சர்வர்கள் பலவற்றில் இரகசியச் சாவிகளைக் கொடுக்கும் முகவரி 169.254.169.254 என்பதால் அதை மறந்தால் பெரும் இழப்பு நேரும்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு மாணவி: 010.0.0.1 என்று ஒரு முகவரி வந்தது. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் சரிதானே அண்ணா?

அதைத்தான் செய்யக் கூடாதும்மா. முன்னால் பூஜ்யம் வந்தால் பிரவுசர் அதை எட்டை அடிமானமாகக் கொண்ட (ஆக்டல்) எண்ணாகப் படித்து 8.0.0.1 என்று போகும். நீங்கள் பூஜ்யத்தை எடுத்தால் 10.0.0.1 என்ற உள்வலை முகவரி கிடைக்கும். ஒரே லிங்கை ஒரு நிரல் வெளியூர் என்கிறது, இன்னொரு நிரல் சொந்த வீடு என்கிறது. இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே பைத்தானின் முகவரி நூலகம் 2021ஆம் ஆண்டு வந்த 3.9.5 பதிப்பு முதல் முன்பூஜ்யம் உள்ள முகவரிகளை ஏற்காமல் பிழை என்று திருப்பிவிடுகிறது. என் தீர்ப்பும் அதுவே: ஊகித்துத் திருத்தாதீர்கள், மறுத்துவிடுங்கள்.

பேட்டையிலிருந்து ஒருவர்: தெரிந்த தளத்தின் பெயரில் லிங்க் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால்?

தளத்தின் பெயருக்குப் பின் ஓர் அட் குறியும் (@) அதற்குப் பின் 127.1 என்பதும் இருந்தால், அந்தப் பெயர் வெறும் பயனர்பெயராகிவிடும். போய்ச் சேருமிடம் குறிக்குப் பின்னால் இருப்பதே. பின்சாய்வுக்கோட்டைப் பிரவுசர்கள் முன்சாய்வுக்கோடாக எடுத்துக்கொள்கின்றன, 2005இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணைய விதிமுறை ஆவணம் அப்படிச் சொல்லவில்லை. இதனால் ஒரே லிங்கை இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் படிக்கக்கூடும். எனவே சரிபார்க்கும் பார்சரும் (லிங்கைத் துண்டுகளாகப் பிரித்துப் படிக்கும் நிரல்) பக்கத்தை எடுக்கும் பார்சரும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வள்ளியூரிலிருந்து ஒருவர்: ஐபிவி6 முகவரிகளை எப்படி ஒப்பிடுவது?

அவை ஐபி முகவரியின் புதிய, நீளமான வடிவம். லிங்கில் சதுர அடைப்புக்குள் வரும். 128 பிட், எட்டுக் குழுக்கள். சுருக்கி எழுதும் முறையை 2010இல் ஆர்எஃப்சி 5952 வரையறுத்தது: தொடர்ந்து வரும் பூஜ்யக் குழுக்களில் நீளமான வரிசையை மட்டும் இரட்டை முக்காற்புள்ளியாக்க வேண்டும். 2001:0:0:1:0:0:0:1 என்பதை 2001:0:0:1::1 என்று எழுதுவார்கள். முதல் 80 பிட் பூஜ்யமாகவும் அடுத்த 16 பிட் முழுவதும் ஒன்றாகவும் இருந்தால் கடைசி 32 பிட்டில் ஒரு பழைய ஐபி முகவரி ஒளிந்திருக்கிறது. அதையும் எடுத்துச் சோதியுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: நெல்லை வட்டாரக் கல்வெட்டுகளைப் பற்றிய லிங்குகளைத் தொகுக்கிறேன். ஒரே லிங்க் பலமுறை வருகிறது. அனைத்தையும் சிறிய எழுத்தாக்கலாமா?

நானும் முன்பு இந்தத் தவற்றைச் செய்து, சேர்த்த லிங்குகளில் பலவற்றைக் கெடுத்துக்கொண்டேன். நெறிமுறையின் பெயருக்கும் (http, https) டொமைனுக்கும் (தளத்தின் பெயர்) மட்டுமே பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. அதன்பின் வரும் பாதையில் உண்டு. வழக்கமான போர்ட்டான (சர்வரில் இணையும் வாசலின் எண்) 80ஐயோ 443ஐயோ அந்தந்த நெறிமுறையில் நீக்கலாம். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. "கொ" என்பதை ஒற்றைக் குறியீடான ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடின் என்எஃப்சி முறை இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ஔவை என்பதை ஒகரமும் ளகரமுமாக "ஒளவை" என்று தட்டியவரை அதுவும் காப்பாற்றாது. அதை நீங்களே தேடித் திருத்த வேண்டும். பாதையில் "நெல்லை" என்று வந்தால் ஆறு குறியீடுகள் பதினெட்டு பைட்டாகி, சதவீதக் குறியோடு 54 எழுத்துகளாக நீளும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவில் வைத்தால் போதும்.

மீண்டும் வண்ணாரப்பேட்டைக்காரர்: எண்ணே இல்லாமல் ஒரு டொமைன் பெயர் வந்து, அது உள்வலைக்குக் கூட்டிச்சென்றால்?

டொமைன் பெயருக்கு ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஒருமுறை மட்டும் கேட்டு, வந்த எண்ணைச் சோதித்து, அதே எண்ணுக்கே இணையுங்கள். சோதிக்க ஒருமுறையும் இணைய ஒருமுறையும் கேட்டால், இடையில் பதிலை மாற்றிவைக்க டொமைனின் உரிமையாளருக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். சர்வர் வேறு லிங்குக்குத் திருப்பி அனுப்பினால், ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.