கிளட்ச் பிளேட் மாற்றியும் உதறல் போகவில்லையா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

கேள்வி: பழைய மேனுவல் காடி (கார்) வைத்திருக்கிறேன். முதல் கியரில் கிளட்சை விடும்போது வண்டி முழுக்க உதறுகிறது. புது கிளட்ச் பிளேட் போட்டும் போகவில்லை. மறுபடி கியர் பாக்ஸை இறக்க வேண்டுமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். இரண்டு முறை இறக்கி, இரண்டு முறையும் காசைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

என்னுடையது மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி. அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. (மைனர் முதன்முதலில் வெளிவந்தது 1948இல். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வருஷத்தைச் சொன்னால் காடி ஞாபகம் வராது, தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டதும் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதும்தான் ஞாபகம் வரும்.) லயத்திலிருந்து பெரிய சாலைக்கு ஏற ஒரு செம்மண் மேடு உண்டு. அங்கே நிறுத்தி எடுத்தால், மழையில் நனைந்த ஆடு உடம்பைச் சிலிர்த்துக்கொள்வதுபோல காடி உதறும். டேஷ்போர்டில் அம்மா வைத்திருந்த பிள்ளையார் எத்தனையோ முறை கீழே விழுந்திருக்கிறார்.

முதல் பட்டறையில் பிளேட் போட்டார்கள். பத்து நாளில் உதறல் திரும்பிவிட்டது. இரண்டாவது பட்டறையில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் செட்டாக மாற்றி, பிளேட் உரசிப் பிடிக்கும் ஃப்ளைவீலையும் கடைந்து போட்டார்கள். அப்போதும் அதே உதறல். "பழைய காடி, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்தது அந்தப் பேச்சில்தான். புதிதாக வந்தபோது இந்தக் காடி இப்படியா ஓடியிருக்கும்?

பிறகு ஒருநாள், தோட்டத்து லாரிகளைப் பார்த்துவந்த ஓய்வுபெற்ற ஃபோர்மன் ஒருவரை ஒட்டுக்கடையில் பார்த்தேன். தே தாரிக்கைக் குடித்து முடிக்கும்வரை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பொனட்டைத் திற. நீ உள்ளே உட்கார்ந்து மெதுவா கிளட்சை விடு" என்றார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்வரை விட்டேன். அவர் பக்கவாட்டில் நின்று பார்த்தார். இரண்டே வினாடி.

"தம்பி, உன் கிளட்ச் உதறல. எஞ்சின்தான் ஆடுது."

"மாமா, எஞ்சின் ஆடுனா கிளட்ச் ஏன் உதறணும்?"

அவர் சொன்ன விளக்கம்தான் இந்தப் பதிலின் உயிர். மைனரில் கிளட்ச் பெடலுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் தள்ளும் அமைப்பு) கிடையாது. இரும்புக் கம்பிதான். பெடல் காடியின் உடம்போடு இருக்கிறது. கிளட்சைத் தள்ளும் கை கியர் பாக்ஸோடு இருக்கிறது. கியர் பாக்ஸும் எஞ்சினும் ரப்பர் மவுண்டிங்கில், அதாவது அவற்றைத் தாங்கும் ரப்பர் கட்டைகளில், உட்கார்ந்திருக்கின்றன. கிளட்ச் பிடிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். ரப்பர் செத்துப்போயிருந்தால் அது அளவுக்கு மீறி நகரும். அப்போது நீங்கள் காலை அசைக்காவிட்டாலும், கம்பியின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் மாறும். கிளட்ச் தானாகவே கொஞ்சம் அழுந்தும். பிடி விட்டதும் எஞ்சின் பழைய இடத்துக்கு வரும், கிளட்ச் மறுபடி பிடிக்கும், எஞ்சின் மறுபடி சாயும். இது ஒரு வினாடியில் பல தடவை நடப்பதைத்தான் நாம் உதறல் என்கிறோம். எத்தனை புது பிளேட் போட்டால்தான் என்ன?

கீழே படுத்துப் பார்த்தபோது அவமானமாக இருந்தது. முன்பக்க மவுண்டிங் இரண்டிலும் எண்ணெய் ஊறி ரப்பர் உப்பிக் கூழாகி, இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தது. இயற்கை ரப்பருக்கு எஞ்சின் ஆயில் எமன். பாட்டி காலத்திலிருந்து பால்மரம் சீவிய குடும்பம் எங்களுடையது, எனக்கு இது தெரியவில்லை! கியர் பாக்ஸ் பக்க ரப்பரும் வெடித்திருந்தது. கிளட்ச் கம்பியின் நடுவே, பெடலின் அசைவைக் கைமாற்றும் ரிலே ஷாஃப்ட்டின் புஷ் (உள்வளையம்) தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினேன். சிலிண்டர் ஹெட்டின் ஒரு போல்ட்டிலிருந்து பின்னால் இருக்கும் ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுக்கு) ஒரு தாங்கு கம்பியும் போட்டேன். மைனர் பாகங்கள் விற்கும் கடைகளில் இந்த உதறலுக்கென்றே அது விற்கிறது. கியர் பாக்ஸில் கை வைக்கவே இல்லை. மறுநாள் அந்த மேட்டில் பிள்ளையார் விழவில்லை.

உங்கள் காடி என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. கம்பி கிளட்ச் என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் உறைக்குள் சிக்கிச் சிக்கி நகர்கிறதா என்றும் பாருங்கள். ஹைட்ராலிக்கில், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸிலேயே இருந்தால், எஞ்சின் ஆடுவதால் கிளட்ச் தானாக அழுந்தும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் மவுண்டிங்கைப் பார்க்காமல் விடாதீர்கள். முன்னால் போகும்போது மட்டும் உதறி, ரிவர்ஸில் உதறவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் மவுண்டிங் மேல்தான். அந்தப் பொனட் சோதனையைச் செய்யும்போது காடிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தவும் கூடாது, புது பிளேட் கருகிவிடும்.

எஞ்சின் ஆடாமல் நின்றும் உதறினால், அப்போது உள்ளே சந்தேகப்படலாம். மைனர் போன்ற பழைய காடிகளில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இன்றைய மாதிரி ஆயில் சீல் இல்லை. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளம் மட்டும்தான். கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்காகவே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு ஓட்டை விட்டு, அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு ஸ்ப்ளிட் பின் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பின் ஆடுகிறதா, அங்கே எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஓட்டை அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளேயே தேங்கி பிளேட்டுக்குப் போகும். எண்ணெய் பட்ட பிளேட்டை ஹாஃப் கிளட்சில் ஓட்டி "எரித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் உதறினால் ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருக்கலாம். பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டையும், பின்பக்க ஸ்பிரிங்கைக் கட்டும் யூ போல்ட்டையும் ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

இரவெல்லாம் மழை பெய்து விடிந்தால் என் காடி இன்றும் முதல் இரண்டு தடவை லேசாக உதறும். ஃப்ளைவீலில் மேலாகப் படியும் துரு அது. கடைத்தெரு போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும், அதை நான் தொடுவதில்லை.