ரிப்போர்ட்ல லிம்ஃபோசைட் நிறையன்னு போட்டிருக்கு, நல்லதா கெட்டதா?

லிவர் கேன்சர் பத்தி வந்திருக்கற கடிதங்கள்ல பாதிக்கு மேல பேத்தாலஜி ரிப்போர்ட் பத்திதான், அதனால இந்த தடவ அதுக்கு மட்டும் பதில். நான் மைக்ரோஸ்கோப்புக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கற ஆளு. மருந்து, டோஸ் எல்லாம் கேட்டு எழுதுனவங்க உங்க ஆன்காலஜிஸ்ட்ட நேர்லயே கேட்டுக்குங்க, தப்பா நினைக்காதீங்க.

கே: அப்பாவுக்கு 64 வயசு, ஹெபடைடிஸ் பி ரொம்ப வருஷமா இருக்கு. லிவர்ல இருந்த 5 சென்டிமீட்டர் கட்டிய ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. ரிப்போர்ட்ல கட்டிக்குள்ள லிம்ஃபோசைட் கூட்டம் அதிகம்னு ஒரு வரி இருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் அதப் படிச்சுட்டு உள்ள சீழ் பிடிச்சிருக்குன்னு சொல்லி பயமுறுத்திட்டார். உண்மையா?
(வாசகி, சேலம்)

ப: சீழ் இல்லம்மா, அந்த பயத்த மொதல்ல விடுங்க. சீழ்னா அங்க நியூட்ரோஃபில்ங்கற வேற செல் குவிஞ்சு கிடக்கும், பார்த்த உடனே தெரிஞ்சிடும். லிம்ஃபோசைட் நம்ம உடம்போட எதிர்ப்பு செல், கட்டி இருக்கறத மோப்பம் பிடிச்சு உள்ள வந்திருக்கு. பொதுவா நல்ல செய்திதான். லிவர் கட்டிலயே லிம்ஃபோசைட் ரொம்ப ரொம்ப நிறைஞ்ச அபூர்வமான ஒரு ரகம் தனியா இருக்கு, அவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் மத்தவங்கள விட நல்லாவே போறத பார்த்திருக்காங்க. ஆனா இதோட நிறுத்திட்டா அரை பதில்தான், ஏன்னா எத்தனை செல் வந்திருக்குங்கறத விட எந்த செல், எந்த இடத்துல, என்ன நிலைமைல இருக்குங்கறதுதான் இங்க விஷயமே.

சாதாரண ஸ்டெயின் போட்ட ஸ்லைடுல கட்டி செல்லெல்லாம் ரோஸ் கலர்ல பெருசு பெருசா வரிசை கட்டி இருக்கும், நடுவுல கருநீலமா சின்ன சின்ன உருண்டைங்க, அதுதான் லிம்ஃபோசைட். எல்லாமே ஒரே மாதிரி தெரியும், எது சண்டைக்கு வந்தது எது சண்டைய நிறுத்த வந்ததுன்னு கண்ணால பிரிக்க முடியாது. அதுக்குத்தான் கட்டித் துண்ட மெழுகுல பதிச்சு வச்சிருக்கற அதே மெழுகு பிளாக்ல இருந்து 3, 4 மைக்ரான் கனத்துல இன்னொரு சீவல் எடுத்து இம்யூனோ ஸ்டெயின் போடறது, தேடற செல் மட்டும் பிரவுன் கலர்ல எழும்பி நிக்கும். சிடி8க்கு போட்டா கேன்சர் செல்ல கொல்லக்கூடிய டி செல் தெரியும். ஃபாக்ஸ்பி3க்கு போட்டா ட்ரெக் தெரியும், இது மத்த எதிர்ப்பு செல்கள அடக்கி வைக்கற செல். நம்ம உடம்ப நாமே தாக்கிக்காம இருக்க இது வேணும், ஆனா கட்டிக்குள்ள இது கூடிப் போச்சுன்னா கட்டிக்குத்தான் லாபம். (இந்த ட்ரெக் கண்டுபிடிப்புக்குத்தான் 2025ல சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூணு பேருக்கும் மருத்துவ நோபல் குடுத்தாங்க.)

இத ரெண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தது ஷாங்காய்ல, 2007ல வந்த ஆய்வு, ஆபரேஷன் ஆன 302 பேரோட கட்டிகள். ட்ரெக் கம்மியா இருந்து, கொல்ற செல்லும் வெறுமனே நிக்காம வேலை பார்க்கற நிலைமைல நிறைய இருந்தவங்கள்ல 5 வருஷம் தாண்டினவங்க 64 சதவீதம். அப்படியே தலைகீழா, ட்ரெக் நிறைய, வேலை செய்யற செல் கம்மின்னு இருந்தவங்கள்ல 24 சதவீதம்தான். அதே ஆபரேஷன், அதே வியாதி, இவ்ளோ வித்தியாசம். அதனாலதான் லிம்ஃபோசைட் அதிகம்னு ஒத்த வரிய மட்டும் வச்சு நான் சந்தோஷப்படவும் மாட்டேன், பயப்படவும் மாட்டேன்.

இடம்னு சொன்னேன்ல, அதுதான் இன்னும் சுவாரசியம். சில கட்டிகள்ல எதிர்ப்பு செல்லெல்லாம் சேர்ந்து குட்டி நெறிக்கட்டி மாதிரியே உருண்டை உருண்டையா அமைஞ்சிருக்கும். பாரிஸ் பக்கத்துல இருக்கற குழு ஒண்ணு 273 பேர்ட்ட பார்த்து 2019ல எழுதுனாங்க, இந்த உருண்டைங்க கட்டிக்குள்ள இருந்தா மொத ரெண்டு வருஷத்துல திரும்ப வர்றது கம்மின்னு. ஆனா இதே உருண்டைங்க கட்டிக்கு வெளிய, மிச்சம் இருக்கற லிவர்ல இருந்தா கதையே மாறிடுது! ஜெருசலேம் ஆராய்ச்சியாளர்கள் 2015லயே காட்டிட்டாங்க, அங்க அது புது கேன்சர் செல்களுக்கு தொட்டில் மாதிரி ஆயிடுது, அவங்களுக்கு கட்டி திரும்ப வர்றதும் அதிகமா இருந்துச்சு. வருஷக்கணக்கா வீக்கத்துல கிடக்கற லிவர்தான கேன்சர வளர்க்கற மண்ணு, அங்க எதிர்ப்பு செல் கூடுறது அந்த வீக்கத்தோட அடையாளமும்தான்.

உங்க அப்பா விஷயத்துல இதவிட முக்கியமான வரிங்க அதே ரிப்போர்ட்ல இருக்கும். நுண்ணிய ரத்தக்குழாய்க்குள்ள கட்டி புகுந்திருக்கா, வெட்டின ஓரம் சுத்தமா இருக்கா, ஒரே கட்டியா பல கட்டியா, மிச்ச லிவர்ல சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப் போறது, இருக்கா. அடுத்த விசிட்ல டாக்டர்ட்ட இத கேளுங்க, ஏஎஃப்பி (லிவர் கேன்சருக்கு ரத்தத்துல பார்க்கற அடையாளப் புரதம்) எவ்ளோ இருந்துச்சு இப்ப எவ்ளோன்னும் கேளுங்க. ஹெபடைடிஸ் பி மாத்திரைய கட்டி எடுத்தாச்சேன்னு நிறுத்திடாதீங்க, அதுவும் திரும்ப வராம பார்த்துக்கற மருந்துதான்.

கே: எதிர்ப்பு செல் அவ்ளோ உள்ள இருந்தும் கட்டி ஏன் சார் வளருது? சும்மா வேடிக்கை பார்க்குதா?
(வாசகர், கோவை)

ப: பாதி அப்படித்தான். லிவருக்கு வர்ற ரத்தத்துல முக்கால்வாசி குடல்ல இருந்து நேரா வருது, சாப்பாட்டுத் துணுக்கு, பாக்டீரியா குப்பை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு. அது ஒவ்வொண்ணுக்கும் எகிறிக் குதிச்சா லிவர் ஒரு நாள் தாங்காது, அதனால பொறுத்துப் போறதுதான் அதோட சுபாவமே, அந்த சுபாவம் கட்டிக்கு வசதியாப் போச்சு. ரெண்டாவது, களைப்பு. எதிரி பக்கத்துலயே மாசக்கணக்கா நின்னா டி செல் ஓய்ஞ்சு போயிடும், மேல பிடி-1ங்கற பிரேக் ஏறிடும், கொல்ற சரக்கு தீர்ந்துடும். பீஜிங்ல 2017ல 6 பேரோட 5,063 டி செல்கள தனித்தனியா பிரிச்சு ஜீன் படிச்சுப் பார்த்தாங்க, கட்டிக்குள்ள இருந்த டி செல்கள்ல களைச்சுப் போன கொல்ற செல்லும் ட்ரெக்கும்தான் கூடியிருந்துச்சு. ஸ்லைடுல களைச்சுப் போன கொல்ற செல்லும் பிரவுன் புள்ளிதான், சிடி8னுதான் எண்ணிக்கைல வரும், அங்கதான் எண்ணிக்கை நம்மள ஏமாத்துது.

குப்பைய விழுங்கி சுத்தம் பண்ற மேக்ரோஃபேஜ்ங்கற எதிர்ப்பு செல்லும் லேசுப்பட்டது இல்ல. கட்டி ஓரத்துல இருக்கற மேக்ரோஃபேஜ் பிடி-எல்1ங்கறத நீட்டி டி செல்லோட அந்த பிரேக்க அழுத்துறத பார்த்திருக்காங்க.

கே: அண்ணனுக்கு ஸ்கேன் மட்டும் பார்த்து லிவர் கேன்சர்னு சொல்லிட்டாங்க, பயாப்சியே எடுக்கல. இந்த செல் டெஸ்ட்டும் அப்ப பண்ண முடியாதா? இது சரியான முறைதானா?
(வாசகர், திருநெல்வேலி)

ப: முறை சரிதான், உங்க கோபம் புரியுது ஆனா டாக்டர் மேல தப்பு இல்ல. சிரோசிஸ் இருக்கறவங்களுக்கு மருந்து ஏத்தி எடுக்கற ட்ரைபேசிக் ஸ்கேன்ல கட்டி மொதல்ல பளிச்சுன்னு ஏறி அப்புறம் மங்கிப் போனா அதுவே போதும், ஊசி போட்டு எடுக்கணும்னு அவசியம் இல்ல. லிவர் கெட்டவங்களுக்கு ரத்தம் உறையறதே சிக்கல், குத்தினா ரத்தக்கசிவு பயம் வேற. சதையே இல்லாம செல்ல எங்க எண்ணறது, அதனாலதான் இந்த ஆய்வெல்லாம் பெரும்பாலும் ஆபரேஷன் பண்ணி முழு கட்டிய எடுத்தவங்கள வச்சே நடந்திருக்கு. ஊசில வர்ற நூல் மாதிரி சதைல கட்டியோட நடுவும் ஓரமும் ரெண்டும் கிடைக்கும்னு சொல்ல முடியாது, எண்ண வேண்டிய இடமே அது ரெண்டும்தான்.

ரத்தத்துலயே பார்க்க ஒரு வழி இருக்கு, சாதாரண சிபிசி ரிப்போர்ட்ல இருக்கற நியூட்ரோஃபில் எண்ணிக்கைய லிம்ஃபோசைட் எண்ணிக்கையால வகுக்கறது. அது கூடுதலா இருக்கறவங்களுக்கு போக்கு மோசமா இருக்கறத பல ஆய்வுல பார்த்திருக்காங்க. காசில்லாத டெஸ்ட், ஆனா பல்லு வீங்கினாலும் அது ஏறும், சளி பிடிச்சாலும் ஏறும். ஒரே ஒரு நம்பர வச்சுக்கிட்டு ராத்திரி தூக்கத்த கெடுத்துக்காதீங்க. உங்க அண்ணனுக்கு எப்படிப் போகும்னு தீர்மானிக்கறது கட்டியோட அளவு, எத்தனை, குடல்ல இருந்து லிவருக்கு ரத்தம் கொண்டு வர்ற போர்ட்டல் வெயின்ல இறங்கிடுச்சா, லிவர் எவ்ளோ தாங்குது, அவர் எழுந்து நடமாடறாரா, இதுங்கதான். பார்சிலோனாக்காரங்க 1999ல போட்ட பிசிஎல்சி ஸ்டேஜிங் இத வச்சுத்தான் ஓடுது, அதுல எதிர்ப்பு செல் எண்ணிக்கை இன்னிக்கும் கிடையாது.

கே: இம்யூனோதெரபி குடுக்கலாம்னு சொல்றாங்க. கட்டிக்குள்ள செல் இருந்தாத்தான் வேலை செய்யுமாமே? டெஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமா?
(வாசகி, சிங்கப்பூர்)

ப: கேள்வி சரியான கேள்வி, பதில்தான் இன்னும் முழுசா தயாராகல. பிரேக்க எடுத்துவிடற மருந்துதான் இது, பிரேக் போட்டு நிக்கற செல் உள்ள இருந்தாத்தான எடுத்துவிட்டா ஓடும்? 2017ல 956 கட்டிகளோட ஜீன் தகவல அலசினப்ப நாலுல ஒண்ணு எதிர்ப்பு செல் நிறைஞ்ச ரகமா இருந்துச்சு. பீட்டா-கேட்டனின் ஜீன் கெட்ட கட்டிகள்ல எதிர்ப்பு செல் உள்ள நுழையறதே பெரும்பாலும் இல்ல. ஆனா பாருங்க, இந்த கட்டிங்கள்ல பலது ஓரளவு சாதுவா, முதிர்ந்த செல் அமைப்போட இருக்கும், அதனால செல் இல்லைன்னா உடனே கெட்டதுன்னும் முடிவு கட்ட முடியாது.

2020ல வந்த ஐஎம்பிரேவ்150 சோதனைல அட்டீசோலிசுமாப், பெவாசிசுமாப் ரெண்டும் சேர்த்து எடுத்தவங்கள்ல 67 சதவீதம் பேர் ஒரு வருஷம் தாண்டினாங்க, பழைய சொராஃபெனிப் மாத்திரை எடுத்தவங்கள்ல 55 போல. அதுல யாரையும் எதிர்ப்பு செல் எண்ணிக்கை பார்த்து சேர்க்கல, இன்னிக்கும் டாக்டருங்க அத பார்த்து மருந்து எழுதறது இல்ல. அதனால இதுக்குன்னு தனியா காசு செலவழிச்சு டெஸ்ட் பண்ண வேண்டாம், அதுக்காக சிகிச்சைய தள்ளிப் போடறது அதவிட தப்பு. அதுக்கு பதிலா ரெண்டு விஷயம் டாக்டர்ட்ட கண்டிப்பா பேசுங்க. உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சிருக்கான்னு எண்டோஸ்கோப்பி பார்த்தாச்சா, ஏன்னா பெவாசிசுமாப் ரத்தக்கசிவ கூட்டும். நோயாளிக்கு லிவர் மாத்தி வச்சிருக்கா, இல்ல மாத்தற யோசனை இருக்கா, ஏன்னா மாத்தி வச்ச லிவர இந்த மருந்தால தட்டிவிடப்பட்ட செல்லே தாக்கிடலாம். இந்த ரெண்டும் ரெண்டு வரிதான், ஆனா உயிர் விஷயம்.

கே: கீழாநெல்லி தினமும் குடிச்சா எதிர்ப்பு செல் கூடி கட்டி கரையுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

ப: கரையாது. கீழாநெல்லி லிவருக்கு நல்லதுன்னு பேர் வாங்கினதுக்கு ஒரு காரணம் உண்டு, 1988ல சென்னைல பண்ணின ஆய்வு லான்செட்ங்கற பெரிய மருத்துவ இதழ்லயே வந்துச்சு, ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியிருந்தவங்கள்ல 37 பேருக்கு குடுத்து 22 பேருக்கு ரத்தத்துல ஆன்டிஜென், அதாவது கிருமியோட அடையாளப் புரதம், மறைஞ்சதுன்னு. அப்புறம் மத்த இடங்கள்ல பண்ணினப்ப அந்த பலன் வரல. அதுவும் கிருமி பத்தினது, கட்டி பத்தினது இல்ல. மொத்தமா எதிர்ப்பு சக்திய கூட்டுறேன்னு விக்கற பொடி எதுவும் ட்ரெக்க குறைச்சு சிடி8 மட்டும் கூட்டும்னு எந்த ஆதாரமும் இல்ல, லிவர் கெட்டவங்களுக்கு என்னன்னு தெரியாத பொடி எல்லாமே கூடுதல் சுமை. குடிக்கறதா இருந்தா டாக்டர்ட்ட மறைக்காம சொல்லிட்டு குடிங்க.

கே: ஆபரேஷன்ல எடுத்த கட்டியோட பிளாக்க கேட்டு வாங்கி வச்சுக்கணுமா? பின்னாடி திரும்ப வந்தா இந்த டெஸ்டுக்கு உதவுமா?
(வாசகர், ஈரோடு)

ப: வேற ஆஸ்பத்திரில ரெண்டாவது கருத்து கேக்கப் போறீங்கன்னா ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கலாம், இல்லைன்னா லேப்லயே இருக்கட்டும், பிளாக் நம்பர மட்டும் ரிப்போர்ட்ல பார்த்து குறிச்சு வச்சுக்குங்க. மெழுகு பிளாக் ஃபிரிட்ஜ் இல்லாமலே வருஷக்கணக்கா நல்லா இருக்கும், கார் டேஷ்போர்டுல வெயில்ல மட்டும் போட்டுடாதீங்க, உருகிடும். ஆனா திரும்ப வந்தா அது உதவுமான்னா, எப்ப வருதுங்கறத பொறுத்தது. ரெண்டு வருஷத்துக்குள்ள வந்தா பெரும்பாலும் அதே கட்டியோட விதைதான். அதுக்கு மேல போய் வந்தா பல நேரம் கெட்டுப் போன லிவர்ல புதுசா முளைச்ச வேற கட்டியா இருக்கும், பழைய பிளாக்ல எண்ணின எண்ணிக்கைய அதுக்குப் போட முடியாது, டாக்டர் அவசியம்னு நினைச்சா புதுசா பயாப்சி எடுக்கச் சொல்லுவார்.