ஓட்டில் இருக்கும் ஆண்டு

கேள்வி: எங்கள் ஊர்ப் பொது நூலகக் கட்டடத்தின் வரலாற்றை எழுதுகிறேன். வாசல் நினைவுக்கல்லில் ஒரு திகதி இருக்கிறது. கூரை ஓட்டிலோ 1865 என்று இருக்கிறது. எதை எடுப்பது?
(வாசகி, கிளிநொச்சி மாவட்டம்)

பதில்: நினைவுக்கல்லா? அதில் பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி எல்லாரும் பட்டங்களோடு நிற்பார்கள். கட்டிய மேசனைத் தேடினாலும் காணக்கிடைக்காது. வெள்ளையடித்தாலும் கல், மலசலகூடத்துக்குக் கதவு போட்டாலும் கல். சுவரில் இடம் முடிந்தால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பதிப்பார்கள். உங்கள் திகதி அந்தக் கதவினுடையதாகவும் இருக்கலாம்.

1865ஐ விட்டுவிடுங்கள். இந்தியாவின் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. தொழிற்சாலை தன் வயதைத்தான் ஓட்டில் அடித்தது. வன்னியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இடம்பெயரும்போது கூரையைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிய சனம் நாங்கள். எங்கட ஓடுகள் பார்த்த ஊர்களை எங்கட அமைச்சர்மார் பார்த்ததில்லை.

புத்தகங்களைப் புரட்டுங்கள். தலைப்புப் பக்கத்து இறப்பர் முத்திரை கிராமசபை என்றால் 1981க்கு முன். மாவட்ட அபிவிருத்திச் சபை என்றால் அதற்குப் பிந்திய சில வருடங்கள். பிரதேச சபை என்றால் 1988 தொடக்கம். பழைய முத்திரையை எறிய மனமில்லாத எழுதுவினைஞர்களும் உண்டு, ஆகவே ஒரு நூலை நம்பாமல் பத்தையாவது பாருங்கள்.

நூலகத்துக்கு வந்த நூல்களை வரிசையாகப் பதியும் சேர்வுப் பதிவேடு தப்பியிருந்தால் உங்கள் அதிட்டம். திகதி, இலக்கம், விலை, வாங்கியதா அன்பளிப்பா, கழித்ததா எல்லாம் அதில் வரும். இலக்கம் திரும்பவும் 1இல் தொடங்கும் பக்கத்தில் நின்று பாருங்கள். நூலகம் அங்கேதான் எல்லாவற்றையும் இழந்து மறுபடி தொடங்கியிருக்கும். நனைந்து ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், மை தாளோடு வந்துவிடும். வெயிலில் வைத்தால் தாள் நெளிந்து முறியும். நிழலில், மின்விசிறிக் காற்றில் வைத்து, தானாகப் பிரியும் இடத்தில் மட்டும் வெறுந்தாள் செருகுங்கள். ஈரம் ஏறியதும் மாற்றுங்கள்.

கூரைமரத்தை மரவேலை செய்யும் ஒரு வயதான ஓடாவியாரிடம் காட்டுங்கள். பாலையா முதிரையா, பின்னால் வந்த இறக்குமதி மரமா என்று தொட்டுப் பார்த்தே சொல்லுவார்.

கோவைகளை உங்கள் மாவட்டத்தில் மட்டும் தேடாதீர்கள். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய கடிதங்கள் யாழ்ப்பாணக் கச்சேரியோடு, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகத்தோடு, நடந்தவை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள்; 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். “சண்டையில போட்டுது” என்று வாயால் சொன்னால் விடாதீர்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.