பயிர் நோயியலா, வேதியியலா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

மருத்துவ இடம் கிடைக்காத தங்கள் மகள், சோளத்தட்டின் இலையில் நோய் பட்ட இடம் ஏன் சிவக்கிறது என்பதைப் படிக்க ஆசைப்படுவதாகவும், அதற்குப் பயிர் நோயியல் பக்கம் போவதா, வேதியியல் எடுப்பதா, அது பிழைப்புக்கு உதவுமா என்று தாங்கள் கலங்குவதாகவும் கோபியிலிருந்து எழுதியிருந்தீர்கள். அது விளையாட்டுக் கேள்வி அன்று.

பூஞ்சையின் செல்சுவரிலிருந்து உதிரும் கைட்டின் என்ற சுவர்ப்பொருளின் துணுக்குகளைத் தாவரச் செல்லின் உணர்விகள் அடையாளம் கண்டவுடன், நுண்ணுயிரை ஒடுக்கும் புதிய சேர்மங்களைச் செடி தானே தயாரிக்கத் தொடங்குகிறது. இவற்றை ஃபைட்டோஅலெக்ஸின்கள் என்பார்கள். சோளத்தில் அவை லூட்டியோலினிடின், அபிஜெனினிடின் முதலிய நிறமிகளாக இருப்பதால்தான் தங்கள் அம்மிணியின் கண்ணில் பட்டிருக்கின்றன. தாக்கப்பட்ட செல் பல வேளைகளில் தானே மடிந்து பூஞ்சையை அங்கேயே முடக்க, சாலிசிலிக் அமிலம் சார்ந்த சமிக்ஞையால் நோய் எட்டாத இலைகளும் எதிர்ப்புக்கு ஆயத்தமாகின்றன. 1979-இல் புகையிலைச் செடிக்கு, இதே அமிலத்தின் வழிப்பொருளான ஆஸ்பிரினைச் செலுத்தியபோது, புகையிலையைத் தாக்கும் மொசைக் வைரஸுக்கு எதிர்ப்பு கூடியது. (நமக்குத் தலைவலி மாத்திரை, செடிக்கு அபாயச் சங்கு!) இவை அனைத்தும் கரிம வேதியியல் என்பதால், பிளஸ் டூவில் அப்பகுதியை அவள் விரும்பிப் படித்தாளா, மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டாளா என்பதை முதலில் கேளுங்கள்.

விரும்பிப் படித்திருந்தால், என் பரிந்துரை நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடப்பதால், மீண்டும் நீட் எழுத வேண்டியதில்லை. வேளாண்மை முடித்தவர் முதுகலையில் பயிர் நோயியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் போகலாம். வேதியியலில் மட்டும் இளங்கலை முடித்தவருக்கோ, வேளாண் பல்கலைக்கழகங்களில் பயிர் நோயியல் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.

பட்டத்தோடு நின்றாலும் வேளாண்மை அலுவலர் பணி, வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி, விதை நிறுவனங்கள் என வழிகள் உண்டு, போட்டியும் கடுமைதான். ஆராய்ச்சியோ முனைவர் பட்டம்வரை ஏறத்தாழ 9 ஆண்டுகள் கேட்கும். 1912-இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், கரும்பைத் தாக்கும் செவ்வழுகல் என்ற பூஞ்சை நோயை ஆராய்ந்துவருகிறது. செவ்வழுகலை எதிர்க்கும் கரும்பிலும் சோளத்தின் இதே நிறமிகள் உருவாகின்றன. ஆகவே வேலைக்களம் தொலைவில் இல்லை.

பட்டம் முடிந்தவுடன் திருமணம் என்று கணக்கு வைத்திருந்தால், அதைக் கலந்தாய்வுக்கு முன்பே அம்மிணியிடம் பேசிவிடுங்கள். தனியார் கல்லூரியானால், பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்று சரிபார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.